வீட்டுக்குள் வந்த வரையன்

நுழையும்முன்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது தமிழர் வழங்கும் பழமொழி. படை நடுங்கினால் நடுங்கட்டும். வீட்டில் இருப்போர் என்ன செய்வது? மழைக்காலத்தில் கொல்கத்தா வீடுகளுக்குள் வந்துபோகும் சிறு பாம்பு ஒன்றையும், உருவத்தில் அதை ஒத்த கொடிய பாம்பு ஒன்றையும் பற்றியது இப்பாடம்.

பாடம்

தென் கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பகுதியைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. அங்கே பழைய கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில் ஒரு குடும்பம் வசிப்பதாக எண்ணிக்கொள்வோம். ஆடி மாதம். மாலையில் தொடங்கிய மழை இரவு ஒன்பது மணியாகியும் விடவில்லை. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். சமையலறையின் குழல்விளக்கைச் சுற்றி ஈசல்கள் மொய்க்க, அவற்றைப் பிடிக்க மூன்று பல்லிகள் சுவரில் காத்திருக்கின்றன.

தண்ணீர் எடுக்கப் போன பாட்டி அலறுகிறார். கழிவுநீர்க் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்திலிருந்து, சுண்டுவிரல் பருமனுள்ள பாம்பு ஒன்று சுவரின் மேல் ஏறிக்கொண்டிருக்கிறது. உடலின் குறுக்கே வெள்ளை வெள்ளையாய்ப் பட்டைகள்.

"கட்டுவிரியன்! கண்ணா, கிட்ட வராதே!" என்கிறார் பாட்டி.

அப்பா ஒட்டடைக் கோலைத் தேடி ஓடுகிறார். அலறல் கேட்டு எதிர்வீட்டு வங்காளி மாமா வந்துவிடுகிறார். பிள்ளைகள் அவரைக் 'காக்கு' என்று அழைப்பது வழக்கம். அவர் சுவரை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். "மாஷிமா, பயப்படாதீர்கள். இது கொர்ச்சிதி. பிஷ் நேய்" என்கிறார். 'நஞ்சு இல்லை' என்பது அதன் பொருள். சொன்னதோடு நில்லாமல் அதைப் பிடிக்கவும் கையை நீட்டுகிறார்.

பாட்டிக்கு வங்காளம் தெரியாது. காக்குவுக்குத் தமிழ் தெரியாது. ஆறாம் வகுப்பில் படிக்கும் பேரனுக்கு இரண்டும் தெரியும். கொல்லும் என்கிறது ஒரு மொழி, கொல்லாது என்கிறது மற்றொரு மொழி. அந்த அறையில் இரண்டையும் கேட்டுப் புரிந்துகொண்டவன் அவன் ஒருவனே.

அந்தப் பாம்பு எது?

இரவில் வீட்டுச் சுவரில் ஏறுவதும், பல்லி இருக்கும் இடத்தைத் தேடி வருவதும் வெள்ளிக்கோல் வரையன் என்னும் பாம்பின் இயல்புகள். வெள்ளிக்கோல் என்பது பொருள்களை நிறுக்கப் பயன்பட்ட பழைய தூக்குக்கோல். அதன் தண்டில் எடையைக் குறிக்கும் கோடுகள் இடைவெளி விட்டு இடப்பட்டிருக்கும். வரை என்றால் கோடு. தூக்குக்கோலின் தண்டைப் போல் உடலெங்கும் கோடுகள் உடையது என்று, பொருத்தம் பார்த்துத் தமிழர் வைத்த பெயர் இது. இன்று தூக்குக்கோலும் மறைந்துவிட்டது. பெயரும் ஏறக்குறைய மறந்துவிட்டது. பலர் இதனை ஆங்கிலப் பெயரின் வழியே 'ஓநாய்ப் பாம்பு' என்கின்றனர்.

ஓநாய்க்கும் பாம்புக்கும் என்ன தொடர்பு? சுவீடன் நாட்டு அறிவியலாளர் லின்னேயஸ் 1758இல் உலகத்து உயிரினங்களுக்குப் பெயரிட்டபோது இப்பாம்புக்கும் பெயரிட்டார். இன்று வழங்கும் பெயர் 'லைக்கோடான் ஆலிகஸ்'. லைக்கோடான் என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'ஓநாய்ப்பல்' என்று பொருள். இதன் தாடைகளின் முன்பகுதியில் சில பற்கள் மட்டும் நீண்டிருக்கும். அவற்றில் நஞ்சு பாயும் துளை இல்லை. வழுவழுப்பான உடலுள்ள பல்லியும் அரணையும் நழுவிவிடாதபடி கவ்விப்பிடிக்கவே அப்பற்கள் உதவுகின்றன.

வெள்ளிக்கோல் வரையன் பெரும்பாலும் அரை மீட்டர் நீளமே இருக்கும். முக்கால் மீட்டரைத் தாண்டுவது அரிது. வயிற்றுச் செதில்களின் இரு ஓரங்களும் மடிப்புப்போல் விளிம்பு கட்டியிருப்பதால், சொரசொரப்பான சுவரிலும் செங்கல் இடுக்கிலும் பற்றி ஏற இதனால் இயலும். பகலில் விரிசலிலும் விறகுக் குவியலிலும் சுருண்டு கிடந்து, இரவில் இரை தேடும். ஒருமுறைக்கு 3 முதல் 11 முட்டைகள் வரை இடும். இந்தியாவில் மட்டுமன்றி இலங்கை, வங்கதேசம், நேபாளம் ஆகிய நாடுகளிலும் இது வாழ்கிறது. காரை பெயர்ந்த சுவரும், மூடப்படாத குழாய்வாயும், விளக்கடியில் பல்லிக் கூட்டமும் உள்ள பழைய கொல்கத்தா வீடு இதற்கு விருந்து மண்டபம்.

பல்லி என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. பல்லி ஒலி எழுப்பினால் தமிழர் பஞ்சாங்கத்தில் பலன் பார்ப்பர். வங்காளிகள் பல்லியை 'டிக்டிகி' என்பர். யாராவது பேசும்போது அது ஒலித்தால், சொன்னது 'டிக், டிக், டிக்', அதாவது 'சரி, சரி, சரி' என்று பல்லியே ஒப்புக்கொண்டதாகக் கொள்வர். இரு மொழியாரும் மதித்துக் கேட்கும் அந்தப் பல்லிதான் வரையனின் அன்றாட உணவு.

இரட்டையர் போல் இருவர்

சிக்கல் இனித்தான் தொடங்குகிறது. வெள்ளிக்கோல் வரையனைப் போலவே வெள்ளைப் பட்டைகள் கொண்ட வேறொரு பாம்பும் வங்காளத்தில் மிகுதியாக உண்டு. அதுவே கட்டுவிரியன். அதுவும் இரவில்தான் வெளிவரும். அதுவும் வீட்டுக்குள் நுழையும். இந்தியாவில் மிகுதியான உயிர்களைப் பறிக்கும் நான்கு பாம்புகளுள் அதுவும் ஒன்று. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியன மற்ற மூன்று.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். கட்டுவிரியனின் உடல் பளபளக்கும் கருமை. சில வேளைகளில் கருநீலம். வெள்ளிக்கோல் வரையன் பழுப்பு அல்லது சாக்லேட் நிறம். கட்டுவிரியனின் பட்டைகள் மெல்லிய கோடுகள். பெரும்பாலும் இரண்டிரண்டாக இணைந்து வரும். அவை கழுத்திலிருந்து சற்றுத் தள்ளியே தொடங்கி, வாலை நோக்கிச் செல்லச் செல்லத் தெளிவாகும். வரையனுக்கோ கழுத்திலேயே அகன்ற பட்டை ஒன்று தொடங்கிவிடும். பட்டைகள் விலாப்புறத்தில் கிளைத்துப் பரவும். வாலை நோக்கிச் செல்லச் செல்ல மங்கி மறையும். ஒன்று தலைப்பக்கம் தெளிவு, மற்றொன்று வால்பக்கம் தெளிவு என நினைவில் வைக்கலாம். கட்டுவிரியனின் முதுகெலும்பை ஒட்டி அறுகோண வடிவில் பெரிய செதில்கள் ஒரே வரிசையாக ஓடும்; வரையனுக்கு அவ்வரிசை இல்லை. வரையனின் மூக்கு முனை தட்டையானது. கட்டுவிரியனின் தலை உருண்டு, கழுத்தோடு ஒட்டியதுபோல் இருக்கும்.

இவையெல்லாம் நூலில் படிக்கும்போது எளிமையாகத்தான் உள்ளன. இரவில், மழையில், டார்ச் வெளிச்சத்தில், நெஞ்சு படபடக்க நிற்பவருக்கு முதுகுச் செதிலை எண்ண நேரம் இருக்குமா? மேலும், பட்டையே இல்லாத வரையனும் உண்டு. பட்டை மங்கிய கட்டுவிரியனும் உண்டு. ஆகவே இவ்வேறுபாடுகள் படத்தைப் பார்த்தோ அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பேழையைப் பார்த்தோ கற்பதற்கு உரியவை. சமையலறையில் நின்று சோதிப்பதற்கு உரியவை அல்ல.

குணத்தைக் கொண்டும் கண்டறிய முடியாது. வெள்ளிக்கோல் வரையன் சிறிது சீண்டினாலும் சட்டெனக் கடிக்கும். கையில் எடுத்தவரை விடாமல் கவ்வும். கட்டுவிரியனோ பகல் வெளிச்சத்தில் தலையை உடல்சுருளுக்குள் புதைத்துக்கொண்டு, தொட்டாலும் அசையாமல் கிடக்கும். அதே கட்டுவிரியன் இரவில் வேறு பாம்பாகிவிடும். பகலில் அதன் சாதுத்தன்மையைக் கண்டு, 'இது கடிக்காத பாம்பு' என்று கையிலெடுப்பவர் பெரும் பிழை செய்கிறார்.

இந்த ஒப்புமை எப்படி வந்தது? தீங்கற்ற உயிரினம், தீங்குள்ள உயிரினத்தின் உருவத்தை ஒத்திருந்தால் பகைவர் அதனை நெருங்க அஞ்சுவர். ஆங்கிலேய இயற்கையியலாளர் ஹென்றி வால்ட்டர் பேட்ஸ், அமேசான் காட்டு வண்ணத்துப்பூச்சிகளை ஆராய்ந்து 1862இல் இக்கருத்தை விளக்கினார். கட்டுவிரியனைப் போன்ற பட்டைகள் வரையனுக்கும் இவ்வகையில் காப்பாக அமைந்தன எனக் கருதுகின்றனர். பறவையும் விலங்கும் அஞ்சி விலகும். மனிதன் மட்டும் அஞ்சியதும் கோலைத் தேடுகிறான். வேடம் அங்கே வரையனைக் காக்கிறது; இங்கே அதன் உயிரை வாங்குகிறது.

பெயரில் உள்ள செய்தி

காக்கு சொன்ன 'கொர்ச்சிதி' என்ற வங்காளப் பெயரைப் பிரித்துப் பார்க்கலாம். 'கொர்' என்றால் வீடு. வீட்டில் காணப்படும் சிதி என்பது பொருள். ஆனால் வங்காளத்தின் சில வட்டாரங்களில் கட்டுவிரியனுக்கு 'டோம்னாசிதி' என்று பெயர். இரு பெயரிலும் 'சிதி' உண்டு. அவசரத்தில் ஒருவர் 'சிதி' என்று மட்டும் கத்தினால் எந்தச் சிதி என்று கேட்பவர் அறிவது எப்படி?

கட்டுவிரியனுக்கு வங்காளத்தில் பரவலாக வழங்கும் பெயர் 'காலாச்'. இன்னொரு பெயரும் உண்டு. அதுதான் சிந்திக்கத் தக்கது. 'ஷியர்சாந்தா' என்பர். 'ஷியர்' என்பதற்குத் தலைமாடு, அதாவது படுக்கையில் தலை வைக்கும் பக்கம் என்று பொருள். தரையில் பாய் விரித்து உறங்குபவரின் தலைமாட்டுக்கு வரும் பாம்பு என்பதைப் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள் அம்மக்கள். தமிழ்நாட்டிலும் இப்பாம்பை 'எட்டடி விரியன்' என்பர். கடிபட்டவர் எட்டடி வைப்பதற்குள் இறப்பார் என்பது அதன் கருத்து. இந்தப் பெயர் அச்சத்தைச் சொல்கிறது; ஆனால் உண்மையைச் சொல்லவில்லை. கட்டுவிரியன் கடித்தவருக்கு முதல் சில மணி நேரம் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். இருபெயர்களுள் வங்காளப் பெயரே உயிர் காக்கும் பெயர் எனலாம்.

தவறான இடத்தில் ஒட்டிக்கொண்ட பெயரும் உண்டு. வங்காளத்தின் மனசா தேவி கதையில், பேகுலாவை மணந்த லக்கிந்தர் இரும்பால் செய்த அறைக்குள் உறங்கும்போது, மயிரிழை அளவான துளை வழியே நுழைந்து கடிப்பது காளநாகினி என்னும் பாம்பு. கதையில் வரும் அப்பெயரை, மரத்துக்கு மரம் தாவும் அழகிய பறக்கும் பாம்புக்குச் சூட்டிவிட்டார்கள். அதன் நஞ்சு மிக மெல்லியது. மனிதருக்குக் கேடு விளைவிப்பதன்று. ஆயினும் பெயரைக் கேட்டே மக்கள் நடுங்குகிறார்கள். உறங்கும்போது வந்து கடிக்கும் அக்கதைப் பாம்பின் செயல் உண்மையில் ஷியர்சாந்தாவுக்கே பொருந்தும்.

ஓஜாவின் புகழ்

பாம்பு கடித்தவரை வங்காளச் சிற்றூர்களில் 'ஓஜா' என்னும் மந்திரக்காரரிடம் அழைத்துச் செல்லும் வழக்கம் இன்னும் அடியோடு ஒழியவில்லை. தமிழ்நாட்டிலும் 'விஷக்கடிக்குப் பார்ப்பவர்', 'மந்திரிப்பவர்' என்று ஊருக்கு ஒருவர் இருந்தார். அவர்களிடம் சென்று பிழைத்தவர் பலர் உண்டு என்பதும் பொய்யன்று. அவர்கள் பிழைத்தது எப்படி?

இந்தியாவில் 300க்கும் மேற்பட்ட பாம்பு வகைகள் உள்ளன. அவற்றுள் நஞ்சுடையவை 60 அளவில்தான். ஆகவே கடித்த பாம்பு நஞ்சற்றதாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. நஞ்சுள்ள பாம்பும் சில வேளைகளில் நஞ்சைச் செலுத்தாமலே கடித்துவிட்டுப் போகும். வெள்ளிக்கோல் வரையனால் கடிபட்ட ஒருவரை, 'காலாச் கடித்துவிட்டது' என்று அழுதபடி ஓஜாவிடம் தூக்கிச் செல்கிறார்கள். அவர் வேப்பிலையால் தடவி மந்திரம் சொல்கிறார். காலையில் கடிபட்டவர் எழுந்து தேநீர் குடிக்கிறார். மந்திரமே சொல்லாமல் இருந்தாலும் அவர் எழுந்து தேநீர் குடித்திருப்பார் என்பதை யாரும் நினைப்பதில்லை. ஓஜாவின் புகழ் பத்து ஊருக்குப் பரவுகிறது. அடுத்த மாதம் உண்மையான காலாச் ஒருவரைக் கடிக்கிறது. அவரையும் அங்கேயே கொண்டுபோகிறார்கள்.

இவ்வகையில் பார்த்தால், தீங்கற்ற வரையனால் ஒரு தீங்கு விளையத்தான் செய்கிறது. தான் அறியாமலே அது பொய் மருத்துவத்துக்குச் சான்று சொல்கிறது.

நாட்டு மருந்துகளை முறையாகச் சோதித்துப் பார்த்த முன்னோடிகளுள் ஒருவர் கொல்கத்தாவில் பணியாற்றினார். அவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஜோசப் ஃபெய்ரர். இந்தியாவின் நச்சுப் பாம்புகளைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1872இல் வெளிவந்தது. அதில் உள்ள வண்ணப் படங்களை, உயிருள்ள பாம்புகளைப் பார்த்து வரைந்தவர்கள் கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியின் இந்திய மாணவர்கள். நஞ்சை முறிக்கும் என்று சொல்லப்பட்ட மருந்துகள் பலவற்றை ஃபெய்ரர் சோதித்தார். ஒன்றும் பயன் தரவில்லை. குதிரையின் குருதியிலிருந்து எடுக்கும் நஞ்சுமுறி மருந்து உருவாக 1890கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

உறங்குபவர் அறியாத கடி

பாம்புக்கடியால் இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஏறத்தாழ 12 இலட்சம் பேர் இறந்தனர் என்று 2020இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இறந்தோருள் கால் பங்கிற்கும் மேற்பட்டோர் 15 வயது நிரம்பாத சிறுவர் சிறுமியர். ஏறத்தாழப் பாதி இறப்புகள் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழை மாதங்களில் நேர்ந்தவை. உலகச் சுகாதார நிறுவனம் 2017இல்தான் பாம்புக்கடியைக் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

கட்டுவிரியன் கடித்த இடத்தில் பெரும்பாலும் வீக்கம் இராது, வலியும் இராது. எறும்பு கடித்ததுபோல் இருந்தது என்று சொல்வோர் உண்டு. உறக்கத்தில் ஒன்றுமே அறியாதவரும் உண்டு. விடியற்காலையில் வயிற்று வலி வரும். பிறகு கண் இமைகள் தாமாகவே சரியும். விழுங்க இயலாது. நாக்குக் குழறும். இறுதியில் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். கெட்டுப்போன உணவால் வந்த வயிற்று வலி என்று எண்ணிப் பொழுதை வீணாக்கினால் உயிருக்கு ஆபத்து. உரிய நேரத்தில் நஞ்சுமுறி மருந்தும் செயற்கைச் சுவாசமும் கிடைத்தால் பிழைக்கலாம்.

ஆகவே இரவில் எதுவோ கடித்ததுபோல் தோன்றினால், வலி இல்லாவிட்டாலும், திட்டுவார்களோ என்று அஞ்சாமல் அப்போதே பெரியவர்களை எழுப்பிச் சொல்ல வேண்டும். கடிபட்ட கையை அல்லது காலை அசைக்காமல் வைக்க வேண்டும். மோதிரம், வளையல், இறுக்கமான கயிறு இருந்தால் கழற்றிவிட வேண்டும். கத்தியால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் கேடு தரும். 'வரையன்தான் கடித்தது' என்று யார் உறுதி கூறினாலும் மருத்துவமனைக்குச் செல்வதை நிறுத்தக் கூடாது. அங்கே மருத்துவர் பார்த்து, நஞ்சு இல்லை என்று சொல்லி அனுப்பினால் நல்லதுதான்.

தடுக்கும் வழிகளுள் எளியது ஒன்று உண்டு. வங்காளிகள் கொசுவலையை 'மொஷாரி' என்பர். அதன் ஓரங்களை மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டு உறங்கினால் கொசு மட்டுமன்றிக் காலாச்சும் உள்ளே வர இயலாது. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த குடும்பங்கள், புழுக்கம் தாங்காமல் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுத் தரையில் படுப்பதுண்டு. இவ்வூர்க்காரர் பழக்கத்தைப் பின்பற்றுவதே அறிவுடைமை.

வடநெம்மேலியிலிருந்து கொல்கத்தாவுக்கு

மருத்துவமனையில் செலுத்தப்படும் அந்த மருந்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி என்னும் ஊர் உள்ளது. அங்கே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கப்பட்டது. இருளர், வயல் வரப்பில் பாம்பு ஊர்ந்த தடத்தைப் பார்த்தே அது எந்தப் பாம்பு, எப்போது போனது என்று சொல்ல வல்லவர். முன்னர் அவர்கள் தோலுக்காகப் பாம்புகளைப் பிடித்து விற்றனர். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அத்தொழில் நின்றது. பிழைப்பு இழந்த அவர்களின் கைத்திறன், பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்துவிட்டு மீண்டும் காட்டில் விடும் பணிக்குத் திரும்பியது. அச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சும் அங்கிருந்து மருந்து செய்யும் நிறுவனங்களுக்குச் செல்கிறது. அது சிறுசிறு அளவில் குதிரைக்குச் செலுத்தப்படும். குதிரையின் குருதியில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்து மருந்தாக்குவர். இந்தியாவின் ஏதோ ஒரு மருத்துவமனையில் உயிர் பிழைக்கும் ஒருவரின் உடலில், முகம் அறியாத இருளர் ஒருவரின் உழைப்பும் கலந்திருக்கக் கூடும்.

வரையனின் நஞ்சை யாரும் எடுப்பதில்லை. எடுக்க அங்கே ஒன்றும் இல்லை.

தீங்கற்றது, யாருக்கு?

இடையில் ஒரு சிறு செய்தி. வெள்ளிக்கோல் வரையனுக்கு நெருங்கிய உறவான வேறொரு வரையன் தென்கிழக்கு ஆசியாவில் உண்டு. முன்னர் இரண்டையும் ஒரே இனமாகவே எண்ணினர். அது 1980களில் சரக்குகளோடு சேர்ந்து, இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவுக்குப் போய்விட்டது. பாம்பையே எதிர்கொண்டு பழகாத அத்தீவின் பல்லிகளும் அரணைகளும் விரைவாகக் குறைந்தன. அத்தீவுக்கே உரிய காட்டு அரணையின் கடைசி உயிர் 2014இல் இறந்தது. இந்த அழிவுக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்றாக அப்பாம்பை அறிவியலாளர் கருதுகின்றனர். தீங்கற்றது என்று நாம் சொல்வது மனிதரை எண்ணித்தான். பல்லியைக் கேட்டால் வேறு விடை சொல்லும்.

மீண்டும் சமையலறை

பாட்டியின் அலறலும் காக்குவின் சிரிப்பும் இன்னும் அடங்கவில்லை. பாட்டி சொன்ன பெயர் தவறாக இருக்கலாம்; அவர் பேரனை விலக்கியது தவறன்று. காக்கு சொன்ன பெயர் சரியாக இருக்கலாம். அவர் கையை நீட்டியது தவறு. நூறு முறை சரியாகச் சொன்னவரும் நூற்றோராவது முறை ஏமாறக் கூடும். அப்பா கோலெடுத்து அடிப்பதும் அப்படித்தான். பாம்பை அடிக்கவோ பிடிக்கவோ நெருங்குபவரே எளிதில் கடிபடுகிறார்.

இப்போது பேரன் பேசுகிறான். காக்குவிடம் வங்காளத்தில், "காக்கு, கை வைக்காதீர்கள். இது காலாச்சாகவும் இருக்கலாம் என்று பாட்டி சொல்கிறார்" என்கிறான். பாட்டியிடம் தமிழில், "பாட்டி, இதற்கு நஞ்சே இருக்காது என்று காக்கு சொல்கிறார். அப்பாவை அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்கிறான். நீட்டிய கை மடங்குகிறது. ஓங்கிய கோல் தாழ்கிறது. எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தி, கீழிடுக்கில் பழைய துண்டு ஒன்றைத் திணிக்கிறார்கள். அப்பா வனத்துறைக்குத் தொலைபேசியில் சொல்கிறார்.

ஒரு மணி நேரம் கழித்து, பயிற்சி பெற்ற மீட்பாளர் ஒருவர் நனைந்தபடி வருகிறார். நீண்ட கொக்கியால் பாம்பைச் சுவரிலிருந்து மெல்ல இறக்குகிறார். கழுத்திலிருந்து வால்வரை வெளிச்சம் பாய்ச்சிப் பார்க்கிறார். வாலருகே பட்டைகள் மங்கி மறைந்திருக்கின்றன. "கொர்ச்சிதி" என்று சொல்லிப் பைக்குள் விட்டுக் கட்டுகிறார். காக்கு பெருமையோடு எல்லோரையும் பார்க்கிறார்.

மீட்பாளர் பாட்டியைப் பார்த்து, "உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர்?" என்று கேட்கிறார். பேரன் அதைத் தமிழில் சொல்கிறான். பாட்டி சிறிது நேரம் யோசிக்கிறார்.

"எங்கள் ஊரில் கோடு போட்ட பாம்பெல்லாம் கட்டுவிரியன்தான்" என்கிறார்.

சொற்பொருள்

தலைமாடு – படுக்கையில் தலை வைக்கும் பக்கம்
தூக்குக்கோல் – தூக்கிப் பிடித்து எடை பார்க்கும் கருவி
நஞ்சுமுறி – நஞ்சின் ஆற்றலை அழிக்கும் மருந்து
வரை – கோடு
விலா – உடலின் பக்கவாட்டுப் பகுதி

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. 'வெள்ளிக்கோல் வரையன்' என்ற பெயர் எவ்வாறு பொருந்துகிறது?
2. 'எட்டடி விரியன்', 'ஷியர்சாந்தா' ஆகிய பெயர்களுள் எது பயனுள்ள செய்தியைத் தருகிறது? ஏன்?
3. நஞ்சற்ற பாம்பின் கடி ஓஜாவின் புகழை எவ்வாறு வளர்க்கிறது?
4. காக்கு செய்த தவறு, அப்பா செய்யவிருந்த தவறு இவற்றுள் பெரியது எது? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

ஆ. சேர்த்து எழுதுக. எங்கே வல்லின எழுத்து மிகுகிறது எனக் குறிப்பிடுக.
வெள்ளி + கோல், தலை + மாடு, கொசு + வலை, பாம்பு + கடி

இ. செய்து பார்க்க.
உம் வீட்டுப் பெரியவரிடம், அவர் ஊரில் வழங்கிய பாம்புப் பெயர்கள் ஐந்தைக் கேட்டு எழுதுக. வங்காளி நண்பர் ஒருவரிடம் அப்பாம்புகளுக்கு அவர்கள் மொழியில் உள்ள பெயர்களைக் கேட்டு, தமிழ் எழுத்தில் எதிரே எழுதுக. ஒரே பாம்புக்கு இரு பெயரும், ஒரே பெயருக்கு இரு பாம்பும் வரும் இடங்களைக் கோடிட்டுக் காட்டுக.